எஞ்சினைத் தானே கழற்றி மாட்டிய ஏமி ஜான்சன்

இந்தச் சுவர் இதழில் பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு எழுத என் முறை வந்ததும், விமானம் ஓட்டிய ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் ஏமி ஜான்சன். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் அவர். இது பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். நான் எழுதப் போவது அந்த ஒரு வரியை மட்டும் இல்லை. அந்த விமானத்தின் எஞ்சினை யார் பார்த்துக்கொண்டது என்பதைப் பற்றித்தான் அதிகம்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்க வீட்டில் ஒரு பழைய மொபெட் உண்டு. மழைக்காலம் வந்தால் காலையில் கிளம்பாது. அப்பா பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி மாட்டுவார். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் நான் செய்யட்டுமா என்று கேட்டேன். சித்தப்பா அங்கே இருந்தார். கையெல்லாம் கிரீஸ் ஆயிடும், போய் உன் வேலையைப் பாரு என்று விரட்டிவிட்டு, என் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கொடுத்தார். தம்பி ஆறாம் வகுப்புதான் படிக்கிறான்! அந்தக் கோபம் ஆறாமல் இருந்த வாரத்தில்தான் அறிவியல் டீச்சர் கொடுத்த புத்தகத்தில் ஏமி ஜான்சனைப் பற்றிப் படித்தேன்.

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. ஏமி ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போய் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரைக்கும் அவர் வாழ்க்கையில் விமானம் பெரிதாக இல்லை. 1928இல் லண்டனுக்கு வெளியே ஸ்டாக் லேன் என்ற இடத்தில் இருந்த விமானக் கழகத்தில் சேர்ந்து, சம்பளக் காசில் பறக்கக் கற்றுக்கொண்டார். உடனே வந்துவிடவில்லை. தனியாக ஓட்ட விடுவதற்கு முன்பு அவருக்கு 15 மணி 45 நிமிடப் பயிற்சி தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு ஆனதைவிட இது அதிகம். இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கணக்கில் நானும் அப்படித்தான்.

1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது. நிறையப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏமி அங்கே நிற்கவில்லை. கழகத்தின் விமானக் கொட்டகையில் ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்ற தலைமைப் பொறியாளர் இருந்தார். பட்டறை என்றால் ஆண்கள் இடம் என்று நினைத்த காலம் அது. அங்கே ஏமி அழுக்குத் துணி உடுத்திக்கொண்டு, காலையில் அலுவலகம் போகும் முன்பும் சாயங்காலம் வந்த பிறகும் எஞ்சின்களைத் துடைத்துக் கழற்றி மாட்டினார். பட்டறைக்காரர்கள் அவரை ஜானி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு வக்கீல் அலுவலக வேலையையும் விட்டுவிட்டார். 1929 டிசம்பரில் தரைப் பொறியாளர் 'சி' உரிமம் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

அந்த 'சி' உரிமம் என்றால் என்ன? விமானம் பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதித்து, இது பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் தகுதி. எனக்கு இது விமானி உரிமத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏனென்றால் தப்பாகக் கையெழுத்துப் போட்டால் மேலே போனவர் கீழே விழுவார். ஏமி விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் மேலே போகிறவரும் ஒரே ஆள்.

இப்போது அந்த விமானம். அது 'ஜிப்ஸி மாத்' வகை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், மேலே கூரை கிடையாது. பழையதாக 600 பவுண்டுக்கு வாங்கினார். பாதிப் பணம் அப்பா கொடுத்தார். மீதியைக் காஸ்ட்ரால் எண்ணெய்க் கம்பெனி நடத்திய வேக்ஃபீல்டு பிரபு கொடுத்து உதவினார். வழியெல்லாம் பெட்ரோல் கிடைக்கவும் அவரே ஏற்பாடு செய்தார். விமானத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து 'ஜேசன்' என்று பேர் வைத்தார் ஏமி. அது அப்பாவின் மீன் வியாபாரத்தின் மார்க். நம்ம ஊர் மீன்வண்டிப் பேரை விமானத்தில் எழுதின மாதிரிதான்!

1930 மே 5ஆம் தேதி லண்டன் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து ஏமி கிளம்பினார். அதுவரை அவர் பறந்தது மொத்தம் சுமார் 85 மணி நேரம். தனியாகப் போன நீண்ட பயணமே லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரைக்கும்தான். இப்போது போக வேண்டியது சுமார் 18,000 கிலோமீட்டர். ரேடியோ கிடையாது. ஹிங்க்லர் என்பவர் 1928இல் பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். அதை முந்த வேண்டும் என்பது ஏமியின் ஆசை.

முதல் நாளே கஷ்டம். தூரம் போவதற்காகக் கூடுதல் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். அதிலிருந்து பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து மேல் டேங்குக்கு ஏற்ற வேண்டும். அடிக்கும்போது வந்த பெட்ரோல் வாடையில் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. அப்படியே பம்ப் அடித்துக்கொண்டே வியன்னா போய்ச் சேர்ந்தார்.

ஜிப்ஸி எஞ்சின் நான்கு சிலிண்டர், சுமார் 100 குதிரைத் திறன். தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிரும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்கு, ஆக எட்டு. எங்க மொபெட்டில் ஒன்றே ஒன்று, அதற்கே இந்தப் பாடு! நாள் முழுக்கப் பறந்து இறங்கியதும் அவர் முதலில் போவது சாப்பிட இல்லை, எஞ்சின் பக்கம். எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். சூட்டில் அது தண்ணியாக ஓடும், அடியில் தங்கிய கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஆறிவிட்டால் கசடு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். வடிகட்டி வலையில் மினுமினு என்று இரும்புத்தூள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரி.

அப்புறம் பிளக்கு. அதைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். நுனி பழுப்பாக இருந்தால் நல்லது. கன்னங்கரேல் என்று கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறுகிறது. இதைப் படித்ததும் நான் அப்பாவிடம் ஓடிப்போய், நம்ம பிளக்கு என்ன நிறம் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். கறுப்புதான். அன்றைக்குச் சித்தப்பா வீட்டில் இல்லை.

ஏமிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்வுக்கும் அதை அழுத்துகிற கைக்கும் நடுவில் நூலிழை மாதிரி ஒரு இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும் என்று நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோமே, அது இங்கேதான். இடைவெளி குறைந்துவிட்டால், எஞ்சின் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. சூடான வாயு அந்தச் சந்தில் பாய்ந்து வால்வு கருகும். இடைவெளி கூடினால் தட்டும் சத்தம் வரும், சக்தி குறையும். மெல்லிய இரும்புத் தகட்டை நுழைத்து இதை அளப்பார்கள். பெட்ரோலையும் அப்படியே ஊற்றக் கூடாது. அந்தக் காலத்தில் மெல்லிய பதப்படுத்திய தோலை விரித்து அதன் வழியாக ஊற்றுவார்கள். பெட்ரோல் இறங்கும், தண்ணீரும் தூசியும் மேலே நின்றுவிடும். டின்னில் வருகிற பெட்ரோலுக்கு இது மிக முக்கியம். ஒரு மடக்குத் தண்ணீர் போதும், எஞ்சின் நடுவானில் நின்றுவிடும்.

இதெல்லாம் முடிய ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். விடியும் முன்பு மறுபடி கிளம்ப வேண்டும். பல நாட்கள் மூன்று மணி நேரத் தூக்கம்தான். பாக்தாதுக்குப் போகும் வழியில் மணற்புயல் அடித்து, பாலைவனத்திலேயே இறங்க வேண்டியதாயிற்று. காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கப் பெட்டிகளைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பிறகு மணல் உள்ளே போகாமல் எஞ்சினைக் கித்தான் துணியால் மூடினார். முகத்தில் மணல் அடிக்கும்போது எஞ்சினுக்குப் போர்த்திவிட்டிருக்கிறார்!

ஆறே நாளில், மே 10ஆம் தேதி கராச்சி வந்தார். ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தி! உலகமே அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. அடுத்து அலகாபாத் போகும் வழியில் பெட்ரோல் தீரப் போய், ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறக்கை அடிபட்டது. சரி செய்துகொண்டு கல்கத்தா போனார். அங்கிருந்து ரங்கூன். நல்ல மழை. இறங்க வேண்டிய குதிரைப் பந்தய மைதானம் என்று நினைத்து, பக்கத்து ஊரான இன்செய்னில் விளையாட்டு மைதானத்தில் இறக்கிவிட்டார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை கிழிந்து, விசிறி உடைந்து, சக்கரப் பகுதியும் நொறுங்கியது.

நான் மறுபடி மறுபடி படித்த இடம் இதுதான். அந்த மைதானத்தை ஒட்டி ஒரு தொழில்நுட்பப் பள்ளி இருந்தது. அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உடைந்த பாகங்களைச் செய்து கொடுத்தார்கள். இறக்கைக்குப் போர்த்த விமானத் துணி இல்லை. முதல் உலகப் போரில் மிச்சமான விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே சிலரிடம் இருந்தன. அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். விசிறி மட்டும் ஏமியிடமே உபரியாக இருந்தது, விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டு வந்திருந்தார். மூன்று நாள் போயிற்று. முந்தும் ஆசையும் அதோடு போயிற்று.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏமிக்கு வந்த தொல்லைகளை எண்ணிப் பார்த்தால் இறங்கும்போது வந்தவைதான் அதிகம். எஞ்சின் கைவிட்டதால் பயணம் முறியவில்லை. அப்படியானால், எஞ்சினுக்காக விழித்த கண்கள்தான் இறங்கும்போது தடுமாறினவோ? கொஞ்சம் தூங்கியிருந்தால் இன்செய்னில் மைதானம் சரியாகத் தெரிந்திருக்குமோ? ஆனால் தூங்கிவிட்டு எஞ்சினைப் பார்க்காமல் இருந்தால் கடல் மேல் என்ன ஆகியிருக்கும்? இரண்டையும் செய்ய ஒரே ஆள் இருந்தால் இப்படித்தான். இதை டீச்சரிடம் கேட்டேன். நீயே யோசித்து எழுது என்று சொல்லிவிட்டாங்க.

பிறகு பாங்காக், சிங்கப்பூர். ஜாவாவில் ஒரு சர்க்கரை ஆலைப் பக்கம் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். தைமூரில் ஆள் உயரக் கறையான் புற்றுகளுக்கு நடுவே ஒரு வயலில் இறங்கினார். அன்று இரவு செய்தி எதுவும் கிடைக்காமல் எல்லாரும் பயந்துவிட்டார்கள். கடைசியாகச் சுமார் 800 கிலோமீட்டர் கடல். இறங்க ஒரு திட்டு கூடக் கிடையாது. துணியில் சட்டை ஒட்டும், பிளாஸ்திரியும். ஆனால் எஞ்சின் ஓடியது. மே 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரில் இறங்கினார். மொத்தம் 19 நாள் கணக்கு. ஹிங்க்லரை முந்தவில்லை.

முந்தாவிட்டாலும் ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. பாட்டுக் கட்டினார்கள், பட்டம் கொடுத்தார்கள். டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்தது. ஐந்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் இறங்கும்போது ஜேசன் குப்புறக் கவிழ்ந்துவிட்டது, நல்லவேளை ஏமிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1931இல் லண்டனிலிருந்து ஒரே நாளில் மாஸ்கோ போய், அங்கிருந்து டோக்கியோ வரை பறந்தார். அப்போது கூட அழைத்துப் போனது யாரைத் தெரியுமா? பட்டறையில் சொல்லிக் கொடுத்த ஜாக் ஹம்ஃப்ரீஸை! 1932இல் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் பறந்து, தன் கணவர் ஜிம் மாலிசன் வைத்திருந்த சாதனையையே முறியடித்தார். 1938இல் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். பெண் பொறியாளர்கள் சங்கத்துக்கு 1935 முதல் 1937 வரை ஏமி தலைவராக இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும், விமானங்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியில் 1940இல் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் தேதி, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு விமானத்தை எடுத்துப் போனபோது வானிலை மோசமாகி வழி தவறினார். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாராசூட்டில் குதித்தார். உறைய வைக்கும் தண்ணீர். அங்கே வந்த கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் காப்பாற்றுவதற்காகக் குதித்தார், அவரும் இறந்துபோனார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு வயது 37.

ஜேசன் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது. அந்தப் படத்தை நான் பார்த்தேன், இறக்கை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. எஞ்சின் தெரிகிற மாதிரி படம் யாரிடமாவது இருந்தால் டீச்சரிடம் கொடுங்கள். இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன், ஒட்டிவிடலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி