மலையேறியின் காலணி

1999-ஆம் ஆண்டு மே 1 அன்று, எவரெஸ்ட் சிகரத்தின் வடக்குச் சரிவில் ஏறத்தாழ 8,155 மீட்டர் உயரத்தில் ஜார்ஜ் மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் காணாமல் போய் ஏறத்தாழ 75 ஆண்டுகள் கடந்திருந்தன. முறிந்த வலது காலில், அடிப்பகுதியில் ஆணிகள் அறையப்பட்ட தோல் காலணி அப்படியே இருந்தது. அவர் சிகரத்தைத் தொட்டாரா என்ற கேள்வியையே உலகம் அன்றும் இன்றும் விவாதிக்கிறது. என்னைச் சிந்திக்க வைப்பதோ அந்தக் காலணிதான்.

மல்லோரி 1886-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் ஒருவரால் ஆல்ப்ஸ் மலைகள் அவருக்கு அறிமுகமாயின. கேம்பிரிட்ஜில் பயின்றார், பின்னர் பள்ளி ஆசிரியரானார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். மனைவி ரூத், மூன்று குழந்தைகள், நிலையான வேலை என்று அமைந்திருந்த வாழ்க்கையை எவரெஸ்ட் மும்முறை குறுக்கிட்டது.

1921-இல் சென்ற முதல் குழுவில் இடம்பெற்று, வடக்குக் கணவாய்க்குச் செல்லும் வழியைக் கண்டறிந்தார். மறு ஆண்டு அவரும் தோழர்களும் 8,200 மீட்டருக்கு மேல் ஏறினர். இறங்கும்போது ஒருவர் சறுக்க, மேலும் இருவர் சேர்ந்து இழுபட்டனர். பனிக்கோடரியில் கயிற்றைச் சுற்றி மல்லோரியே அவர்களைத் தாங்கிப் பிடித்தார். அடுத்த மாதம் நிகழ்ந்த பனிச்சரிவில் சுமை தூக்கிய எழுவர் மாண்டனர். அன்று அணியை முன்நடத்தியவர் அவர்தான். அந்தத் துயரம் அவரை நெடுநாள் வருத்தியது.

பனியில் ஏறுபவர் காலணியைத் தேர்ந்தெடுப்பது ஒன்றோடொன்று முரண்படும் தேவைகளுக்கு இடையே ஒரு சமரசம். உறைபனியில் பிடிப்புக்கு ஆணிகள் வேண்டும்; அதே ஆணிகள் பாதத்தின் வெப்பத்தைப் பனிக்குக் கடத்திவிடும். குளிரைத் தடுக்கப் பல அடுக்குக் காலுறைகள் வேண்டும். காலணி அதற்கேற்பப் பெரிதாக இல்லையெனில் விரல்கள் நெரிபட்டு, குருதியோட்டம் குறைந்து, பனிக்கடி வரும். தோல் ஈரத்தை உறிஞ்சினால் இரவில் கல்லாக இறுகும். காலணியின்கீழ் கட்டும் கிராம்பான் என்னும் இரும்பு முள்சட்டம் நன்கு பற்றும். ஆனால் அதன் வார்கள் பாதத்தை இறுக்கும் என்று அஞ்சி, மிக உயரத்தில் அக்காலத்தவர் பெரும்பாலும் அதைத் தவிர்த்தனர். 1924-ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் நார்ட்டன், தோல் வைத்துத் தைத்த கம்பளிக் காலணியில் சில ஆணிகளை மட்டும் அறைந்து அணிந்தார். அக்கால அறிவு எட்டிய தொலைவு அவ்வளவே.

அந்தப் பயணத்தில் மான்பகதூர் என்பவரும் இருந்தார். குழுவினரின் காலணிகளைச் செப்பனிடுவதே அவர் தொழில். கணுக்கால்வரை இரு பாதங்களும் பனிக்கடிக்கு இரையாகி, மே மாதத்தில் அவர் உயிரிழந்தார். பிறர் பாதங்களைக் காக்க வந்தவரின் பாதங்கள் காக்கப்படவில்லை. ஜூன் 8 அன்று, 22 வயதான இர்வினுடன் சிகரம் நோக்கிச் சென்ற மல்லோரி, மேகத்தினூடே ஒருமுறை தென்பட்டு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 37. மல்லோரியின் பெயர் உலகெங்கும் நிலைத்தது. மான்பகதூரை அறிந்தவர் சிலரே.

அடுத்து வந்த முன்னேற்றத்துக்கும் உயிர்களே விலையாயின. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் அறுவரை இழந்த வித்தாலே பிரமானி, ஆணிக்கு மாற்றாக ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். 1953-இல் எவரெஸ்டை வென்ற குழுவுக்கென ஆய்வு நிறுவனம் ஒன்று தனிக் காலணியை வடிவமைத்தது. அதில் குளிர் காக்கப் பொதிந்தது நாம் நன்கறிந்த இலவம்பஞ்சு. அப்படியிருந்தும், கடைசி முகாமில் ஹில்லாரி இரவில் கழற்றி வைத்த காலணி உறைந்துபோனது. காலையில் அடுப்பில் காட்டி இளக்கிய பிறகே அவர் புறப்பட முடிந்தது. காலணியைக் கழற்றாத டென்சிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்று குளிரைத் தாங்கும் இரட்டை அடுக்குக் காலணிகள் உள்ளன. அறிவு போதவில்லை என்று இனி எவரும் காரணம் கூற இயலாது. ஆயினும், 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, உயர்மலைப் பகுதி வீரர்களுக்கான பல்பயன் காலணிகள் 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை வழங்கப்படவில்லை என்றும், பழைய காலணிகளையே செப்பனிட்டுப் பயன்படுத்த நேர்ந்தது என்றும் சுட்டிக்காட்டியது. மல்லோரி தம் விருப்பத்தால் மலையேறினார். தம் காலணியைத் தாமே தேர்ந்தெடுத்தார். கடமைக்காகப் பனியில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் அணிவதை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். ஒப்பந்தக் கோப்பு ஒரு மேசையில் தேங்கும் ஒவ்வொரு மாதமும், எங்கோ ஒருவரின் கால்விரல்களுக்கு ஆபத்து என்பதை அவர்கள் உணர வேண்டும்.

மலைகளில் மனிதர்கள் காட்டிய வீரத்தை நாம் போற்றுகிறோம்; அது தகும். ஆனால், பிறரைப் பனிக்கு அனுப்பும் அரசும் நிறுவனமும் தம் கடமையைச் செய்தனவா என்பதற்கு, அனுப்பப்பட்டவரின் காலணியே சான்று என்று நான் கருதுகிறேன்.