அலைகளைக் குவித்த அறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ்

பள்ளி ஆய்வுக்கூடத்துக் குவிவில்லையை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள். விரிந்து வரும் கதிர்களை ஒரு புள்ளியில் திரட்டுவது வில்லையின் இயல்பு. கண்ணுக்குப் புலனாகாத கம்பியில்லா அலைகளையும் அவ்வாறே வில்லைகொண்டு ஆண்ட முன்னோடி, ஜகதீஷ் சந்திர போஸ்.

அன்னார் 1858 நவம்பர் 30-இல் வங்கத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை உயர் அரசு அலுவலராயினும், மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். வகுப்பில் போஸின் ஒருபுறம் இஸ்லாமியப் பணியாளரின் மகனும், மறுபுறம் மீனவரின் மகனும் அமர்ந்தனர். அவர்கள் வீட்டிற்கு வந்தபோது, ஆசாரம் மிக்க தாயார் வேற்றுமை பாராட்டாது உணவளித்தார்.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் வெள்ளையரினும் குறைந்த ஊதியமே அவருக்கு வழங்கப்பட்டது. அவர் அதனைத் தொடவில்லை; பணியையும் விடவில்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார். இறுதியில் அரசு இறங்கி வந்து, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் அளித்தது. அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்க உதவிற்று.

1894-இல் ஒரு சிற்றறையில், தகரக் கொல்லர் ஒருவரின் துணையுடன் ஆய்வைத் தொடங்கினார். அதற்குமுன் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், நீண்ட அலைகளை வளைக்க 500 கிலோவுக்கு மேற்பட்ட கீல் முப்பட்டகத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அலை நீளமானால் கருவியும் பெரிதாக வேண்டும். போஸோ, அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். கருவிகள் மேசைமேல் அடங்கின. அலைகள் வெளிப்படும் குழலின் வாயில் வில்லையைப் பொருத்தி, அவற்றை இணைகதிர்களாக்கினார். பெறும் முனையில் புனல் வடிவக் குழலால் அவற்றைச் சேகரித்தார்.

ஆயினும் ஓர் இடர் எழுந்தது. கண்ணாடி ஒளியை வளைக்கும் அளவு வேறு. இவ்வலைகளை வளைக்கும் அளவு வேறு. எனவே ஒளிக்குரிய கணக்கில் வில்லையை வைத்தால் குவியம் தவறும். போஸ் ஊகத்தை நம்பவில்லை. கண்ணாடி, கந்தகம் முதலியவற்றின் விலகல் எண்ணை இவ்வலைகளைக் கொண்டே அளந்தறிந்தார்.

1895-இல் கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிய அலைகளால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

அவர் கையாண்ட 60 கிகாஹெர்ட்ஸ் அலைகள் இன்று அதிவேகக் கம்பியில்லாத் தொடர்பில் பயன்படுகின்றன. அவற்றை ஒரே திசையில் செலுத்த வில்லை ஏரியல்களை இன்றும் வடிவமைக்கின்றனர். சிற்றறையும் தகரமும் அவருக்குத் தடையாகவில்லை. குறைத்து மதித்தோர்முன் அவர் தலை தாழவில்லை. அளந்து பாராத எதையும் ஏற்கவுமில்லை. நம் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டிய செல்வங்கள் இவ்விரண்டுமே.