காற்றை ஆண்ட மருத்துவர்

இரும்புப் பட்டையிட்ட கட்டைவண்டியில் கற்கள் நிறைந்த பாதையில் சென்றவர், அதன் குலுக்கலை எளிதில் மறவார். அதே பாதையில் இன்று மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் மெத்தென ஓடுகின்றன. அவற்றின் சுமையைத் தாங்குவது டயரினுள் அடைபட்ட காற்றே ஆகும். அக்காற்றைச் சக்கரத்தில் அடைத்து உலக வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். அவரே ஜான் பாய்டு டன்லப்.

டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டில், டிரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றில் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867இல் அயர்லாந்திற்குச் சென்று, பின்னர்ப் பெல்பாஸ்ட் நகரில் மருத்துவ நிலையம் நிறுவிப் பெயர் பெற்றார்.

அக்காலத்து மிதிவண்டிகளுக்குக் கெட்டி ரப்பர் வளையமே பூட்டுவர். பெல்பாஸ்ட் நகரத் தெருக்களோ கல் பாவியவை. தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுக்கமின்றி விரைந்தோட வழி யாது என டன்லப் 1887இல் ஆராயத் தொடங்கினார். ஒரு மரத்தட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். அதன்மேல் துணியுறை போர்த்தார். பந்திற்குக் காற்றடிக்கும் பம்பினால் அதனுள் காற்றை நிரப்பினார். பின்னர் அத்தட்டையும், வண்டியின் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் இடைவழியில் சாய்ந்தது. காற்றடைத்த தட்டோ முற்றத்தின் கோடிவரை ஓடித் தூணில் மோதிற்று.

இதன் காரணம் யாது? கெட்டிச் சக்கரம் கல்லின்மீது ஏறுங்கால் வண்டி முழுவதையும் உயர்த்துகின்றது. அதனால் ஆற்றல் வீணாகின்றது. காற்றடைத்த டயரோ கல்லுக்கு இடங்கொடுத்து அமுங்கி, மீண்டும் தன் வடிவம் பெறுகின்றது.

1888இல் டன்லப் தம் ஆக்கத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், பருத்த டயர்களைக் கண்டவர் நகைத்தனர். 1889 மே 18ஆம் நாள் பெல்பாஸ்டில் நடந்த மிதிவண்டிப் பந்தயங்களில் வில்லி ஹியூம் என்பவர் அத்தகைய டயர்களோடு கலந்துகொண்டு வெற்றி பெற்றார். நகைப்பு அடங்கிற்று. அவ்வாண்டே ஹார்வி டு கிராஸ் என்பவர் தலைமையில் டயர் நிறுவனம் ஒன்று தோன்றியது.

புகழ் பெருகிய வேளையில் சோதனையொன்று வந்தது. ஸ்காட்லாந்து நாட்டவரான இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காற்றுச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தமை வெளிப்பட்டது. அந்நாளில் மிதிவண்டி பரவாமையால் உலகம் அதனை மறந்திருந்தது, டன்லப்பும் அறிந்திலர். அவருடைய காப்புரிமை செல்லாதாயிற்று. நிறுவனம் பிறருடைய காப்புரிமைகளை வாங்கி வளர்ந்தது. 1896இல் அது 30 இலட்சம் பவுனுக்குக் கைம்மாறியபோது டன்லப் அதனைவிட்டு விலகியிருந்தார். பெருஞ்செல்வம் பிறரைச் சேர்ந்தது. பெயர் மட்டுமே அவர்க்கு எஞ்சியது. அவர் 1921 அக்டோபர் 23ஆம் நாள் டப்ளின் நகரில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! அன்று பெல்பாஸ்டு மக்கள் பருமனைக் கண்டு நகைத்தனர். இன்றோ, பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோருள் சிலர் பருமனைக் கண்டு மயங்குகின்றனர். இருவரும் கண்ணையே நம்பியவர்கள். டயரின்மீது 3.25-19 எனப் பொறித்திருப்பின், அதன் அகலம் ஏறத்தாழ 3.25 அங்குலம் என்றும், அது பொருந்தும் ரிம்மின் விட்டம் 19 அங்குலம் என்றும் கொள்க. குறுகிய ரிம்மில் மிக அகன்ற டயரைப் பூட்டினால், அதன் ஓரங்கள் நெருக்குண்டு வடிவம் திரியும். வண்டி வளைவில் எளிதாகச் சாயாது. மட்கார்டிலோ சங்கிலியிலோ டயர் உரசவுங்கூடும். அளவிற் குறைந்த டயரோ சுமை தாங்காது. ஆதலின் வண்டியைச் செய்தோர் வகுத்த அளவையும் காற்றழுத்தத்தையும் பேணுதலே ஓட்டுவோர்க்குக் காப்பாகும்.

தோற்றத்தைக் கொண்டு துணியாமல், இரு சக்கரங்களை உருட்டிப் பார்த்துத் துணிந்தவர் டன்லப். செல்வம் கைவிட்டபோதும் அவர் கண்ட பயன் உலகைக் கைவிடவில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அவருடைய முற்றத்தில் தொடங்கிய அவ்வோட்டத்தையே இன்றும் தொடர்கின்றது.