நாய்க்குட்டியின் தட்டில் உண்மையைக் கண்ட டாக்டர்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் மணலூர்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டு நாய்க்கென்று தனிச் சமையல் கிடையாது. மிஞ்சிய சோறு, கொஞ்சம் கூழ், கறி எடுத்த அன்று ஒரு எலும்புத் துண்டு. அவ்வளவுதான் அதன் சாப்பாடு. வயிறு நிறைந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம்.

வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஓர் ஆங்கிலேய டாக்டர். நாய்க்குட்டிகளுக்கு விதவிதமான உணவு கொடுத்து அவர் கண்ட உண்மை, உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பயன்பட்டது. அவர்தான் சர் எட்வர்டு மெல்லன்பி.

இளமை

1884-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, இங்கிலாந்தில் மேற்கு ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் மெல்லன்பி பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ் பெற்ற ஹாப்கின்ஸ் அங்கே அவருக்கு வழி காட்டினார். பிறகு லண்டனில் வைத்தியப் படிப்பை முடித்தார்.

1914-ல் மே என்ற பெண்மணியை மணந்தார். அந்த அம்மையாரும் ஒரு விஞ்ஞானி. உணவுக்கும் பல்லின் உறுதிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்.

வளைந்த கால்கள்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் என்ற நோய் குழந்தைகளை வாட்டி வந்தது. எலும்பு கெட்டிப்படாது. நிற்கத் தொடங்கும் குழந்தையின் கால்கள் வில்லைப் போல வளைந்துவிடும்.

காரணம் என்ன? காற்றோட்டம் இல்லாத வீடு என்றனர் சிலர். ஓடியாட இடம் இல்லாததுதான் என்றனர் வேறு சிலர். இதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு 1914-ல் மெல்லன்பியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் நாய்க்குட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். ரொட்டி, கொழுப்பு நீக்கிய பால், ஆளிவிதை எண்ணெய், ஈஸ்ட், ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றைக் கொடுத்தார். குட்டிகள் பசியில்லாமல் தின்றன. எடையும் கூடியது. ஆனால் சில மாதங்களில் கால்கள் வளைந்தன! வேகமாகக் கொழுத்து வளர்ந்த குட்டிகளே அதிகம் பாதிக்கப்பட்டன.

பிறகு சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். ஆளிவிதை எண்ணெய்க்குப் பதில், காட் என்ற கடல்மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்தார். நோய் வரவில்லை. வெண்ணெயும் முழுப் பாலும்கூட ஓரளவு காத்தன. 1919-ல் இந்த முடிவுகள் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தன. மீன் எண்ணெயில் இருந்த சத்துக்கு 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம் வைட்டமின் டி என்று பெயர் சூட்டினார்.

எலும்பைச் சோதித்துப் பார்க்கப் பல குட்டிகள் பலியாயின. குழந்தைகளின் கால்கள் நிமிர, நாய்க்குட்டிகள் கொடுத்த விலை அது.

கஞ்சி செய்த சூழ்ச்சி

இன்னொரு வியப்பு காத்திருந்தது. தானியத்தை, முக்கியமாக ஓட்ஸ் கஞ்சியை, அதிகம் தின்ற குட்டிகளுக்கு நோய் கடுமையாக இருந்தது. தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்று 1939-ல் மெல்லன்பியும் அவரது கூட்டாளியும் விளக்கினர். கூழைப் புளிக்க வைத்தால் இந்த அமிலம் குறையும். நம் பாட்டிமார் கைப்பக்குவத்தின் பெருமை இதிலும் தெரிகிறது!

வெறி பிடித்த நாய்கள்

மேல்நாட்டில் அப்போது நாய்களுக்குத் திடீரென ஒரு கோளாறு வந்ததுண்டு. மிரண்டு ஓடும், வலிப்பு கண்டு விழும். ஆனால் அது வெறிநாய்க்கடி நோய் அல்ல. மாவை வெளுப்பாக்க ஆலைகளில் சேர்த்து வந்த அஜீன் என்ற வாயுவே காரணம் என்று 1946-ல் மெல்லன்பி காட்டினார். அந்த மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்தது. சேர்க்காத மாவைத் தின்றவை சுகமாக இருந்தன. மனிதருக்கு அதனால் கேடு வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் பிரிட்டனும் அமெரிக்காவும் அந்த முறையைக் கைவிட்டன.

இந்தியாவில்

1933 முதல் 1949 வரை பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் செயலாளராக மெல்லன்பி இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு இந்தியாவுக்கு வந்தார். லட்சுமணபுரி என்னும் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கி, அதன் முதல் இயக்குநர் ஆனார். 1951 பிப்ரவரி 17-ந் தேதி பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். தாயகம் திரும்பி மீண்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மெல்லன்பி, 1955 ஜனவரி 30-ந் தேதி காலமானார்.

இன்றைய பாடம்

வெயிலில் நின்றால் மனிதத் தோல் வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும். நாயின் தோலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதற்கு எல்லாம் சாப்பாட்டில்தான் வரவேண்டும் என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

இப்போது நாய்க்குப் பச்சை இறைச்சியே சிறந்தது என்று வீட்டிலேயே தயாரித்துப் போடுவோர் பலர். எலும்பில்லாத கறியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. அதன் எலும்பும் பலவீனப்படும். பச்சைக் கறியில் கிருமியும் நாடாப்புழு முட்டைப்பைகளும் இருக்கக்கூடும். அவற்றால் வீட்டாருக்கும் ஆபத்து வரலாம். வேகவைத்த எலும்போ சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். வெறும் சோறு மட்டும் போட்டாலும் குறைதான். வளரும் குட்டிக்கு என்ன போடலாம் என்று கால்நடை டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தட்டு காலியாகிவிட்டது என்பதால் சாப்பாடு சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. கால் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லன்பி நாற்பது ஆண்டு பாடுபட்டுச் சொன்னது இதைத்தான்.