புலம் கண்டவர்

தமிழில் புலம் என்னும் சொல் வயலைக் குறிக்கும், இடத்தைக் குறிக்கும், அறிவையும் குறிக்கும். அறிவால் சிறந்தோரைப் புலவர் என வழங்குவதும் இச்சொல்லின் வழியே ஆகும். இன்று பள்ளி மாணவர் பயிலும் ஈர்ப்புப்புலம், மின்புலம், காந்தப்புலம் ஆகிய தொடர்களிலும் அச்சொல் வாழ்கிறது. பொருள்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையன்று, அது ஆற்றல் நிறைந்த புலம் என்னும் எண்ணத்தை அறிவியலில் வேரூன்றச் செய்தவர் மைக்கேல் பாரடே. அவர் உயர்கணிதம் அறியாதவர். அகக்கண்ணால் கண்டதைக் கையால் ஆய்ந்து மெய்ப்பித்தவர்.

1791 செப்டம்பர் 22 ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூவிங்டனில், ஒரு கொல்லரின் மகனாகப் பாரடே பிறந்தார். வறுமை அவருடைய பள்ளிக்கல்வியை எழுத்தும் எண்ணும் என்ற அளவில் நிறுத்திவிட்டது. 1805 இல் ஜார்ஜ் ரீபோ என்னும் நூல் கட்டுநரிடம் தொழில் பயிலச் சேர்ந்து ஏழாண்டுகள் உழைத்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்குக் கல்லூரி ஆயின. கலைக்களஞ்சியத்தில் படித்த மின்சாரக் கட்டுரை அவர் உள்ளத்தை ஈர்த்தது. 1812 இல் வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் உதவியாளராக அமர்ந்தார்.

அக்காலத்து அறிஞர்க்கு நியூட்டனின் ஈர்ப்பு விதியே இலக்கணமாக விளங்கியது. ஞாயிறு நிலவுலகை ஈர்க்கிறது. தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மின்னூட்டங்களும் இவ்வாறே ஒன்றையொன்று ஈர்க்கும் அல்லது விலக்கும் எனக் கூலும் 1785 இல் அளந்து காட்டினார். ஆயினும், இடையில் எதுவும் இன்றி ஒரு பொருள் தொலைவிலுள்ள மற்றொன்றை எவ்வாறு தீண்டும்? நியூட்டனுக்கே இவ்வையம் இருந்தது. கணித அறிஞர் பலரோ, கணக்குப் பொருந்தினால் போதும் என அமைந்தனர்.

பாரடே அமையவில்லை. காந்தத்தைச் சுற்றித் தூவிய இரும்புத்தூள் வளைவு வளைவாக அணிவகுப்பதை அவர் கண்டார். அவற்றை விசைக்கோடுகள் என்றார். 1831 இல் மாறும் காந்தத்தால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தபோது, அதனையும் அக்கோடுகளைக் கம்பி வெட்டுவதாகவே விளக்கினார்.

இடைவெளிக்குப் பங்குண்டா என்னும் வினாவுக்கு 1837 இல் விடை கண்டார். பித்தளை உருண்டை ஒன்றை, அதனைத் தொடாதவாறு பெரிய கூட்டினுள் வைத்தார். இதுவே இன்று மின்தேக்கி எனப்படும் கருவியின் ஒரு வடிவம். ஒன்றுபோல் இரண்டு செய்து, ஒன்றன் இடைவெளியில் காற்றை விட்டார். மற்றதில் பாதியை அரக்கினால் நிரப்பினார். ஒன்றுக்கு மின்னூட்டம் அளித்து இரண்டையும் இணைத்தார். இடைப்பொருளுக்குப் பங்கில்லையாயின், மின்னூட்டம் சரிபாதியாகப் பிரிய வேண்டும். அரக்குடைய கருவியோ மிகுதியாக ஏற்றது. இடையில் நிற்பது சும்மா நிற்கவில்லை என்பது உறுதியாயிற்று.

எனினும், சமன்பாடு ஒன்றேனும் இல்லாத அவர் கட்டுரைகளின் ஆய்வு முடிவுகளைப் போற்றிய கணித அறிஞர், விசைக்கோடுகளை ஒரு கைவினைஞரின் கற்பனையாகவே கருதினர். பாரடே மேலும் துணிந்தார். ஈர்ப்பும் மின்சாரத்தோடு உறவுடையதாதல் வேண்டும் என எண்ணி, 1849 இல் உயரத்திலிருந்து பொருள்களை வீழ்த்தி மின்னோட்டம் பிறக்கிறதா என ஆய்ந்தார். எதுவும் பிறக்கவில்லை. தோல்வியை மறையாது வெளியிட்ட அவர், தம் நம்பிக்கையையும் கைவிடவில்லை. 1859 இல் மீண்டும் முயன்றார். மறு ஆண்டு எழுதிய கட்டுரையை வெளியிடாதிருத்தல் நலம் என ஸ்டோக்ஸ் அறிவுரைக்க, மறுப்பின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இதற்கிடையே அவர் கண்ட காட்சிக்கு மொழி கிடைத்திருந்தது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் விசைக்கோடுகளைக் கணிதமாக வடித்து, 1857 இல் தம் கட்டுரையைப் பாரடேக்கு அனுப்பினார். தம் கருத்து இத்துணைக் கணிதத்தையும் தாங்கி நிற்பது கண்டு முதியவர் வியந்தார். அம்முடிவுகளை எளிய சொற்களிலும் தரலாகாதா என்றும் கேட்டெழுதினார். அப்புலத்தில் எழும் அலையே ஒளி என மாக்ஸ்வெல் பின்னர் நிறுவினார். ஈர்ப்பையும் புலமாக விளக்கும் முழுக்கொள்கையை 1915 இல் ஐன்ஸ்டைன் தந்தார். மின்சாரத்தோடு ஈர்ப்பை இணைக்கும் பாரடேயின் கனவு மட்டும் இன்னும் நிறைவேறவில்லை.

வீரத்திருத்தகைப் பட்டத்தையும் இராயல் சொசைட்டியின் தலைமையையும் மறுத்த பாரடே, நினைவாற்றல் தளர்ந்த நிலையில் 1867 ஆகஸ்டு 25 இல் மறைந்தார். 1881 இல் பாரிசில் கூடிய மாநாடு, மின்தேக்குதிறனின் அலகுக்குப் பாரட் எனப் பெயரிட்டது. ஒரு மில்லிமீட்டர் காற்றிடைவெளி கொண்ட தகட்டு மின்தேக்கி ஒரு பாரட் அளவு பெறவேண்டுமாயின், ஒவ்வொரு தகடும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருத்தல் வேண்டும். பள்ளி ஆய்வகத்திலோ அதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோபாரடே பெரும்பாலும் புழங்குகிறது. இரு தகடுகளுக்கு இடையே மாணவர் வரையும் இணைகோடுகள், கணிதம் ஏற்பதற்குப் பல்லாண்டு முன்னரே ஒரு நூல் கட்டுநர் கண்டவை.