எச். ஜி. வெல்ஸ்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 - ஆகஸ்ட் 13, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஆவார். புதினம், சிறுகதை, வரலாறு, அரசியல், அறிவியல் எனப் பல துறைகளில் எழுதியவர். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னுடன் இவரும் அறிவியல் புனைகதையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். தன் ஆய்வின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க மறுக்கும் அறிவியலாளர் என்ற கதைமாந்தரை ஆங்கிலப் புனைகதையில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர் முக்கியமானவர்.

இளமைக் காலம்

வெல்ஸ் இங்கிலாந்தில் அப்போது கென்ட் மாவட்டத்தில் இருந்த புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் பீங்கான் பொருட்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினார்; தொழில்முறைத் துடுப்பாட்டக்காரராகவும் இருந்தார். கடையில் போதிய வருவாய் இல்லை. 1874 ஆம் ஆண்டில் கால் முறிந்து படுக்கையில் இருந்தபோது வெல்சுக்கு வாசிப்பில் நாட்டம் ஏற்பட்டது. 1877 இல் தந்தையின் தொடை எலும்பு முறிந்ததால் துடுப்பாட்ட வருமானமும் நின்றது. தாய் சாரா 1880 முதல் சசெக்சில் உள்ள அப்பார்க் என்னும் மாளிகையில் பணியாளர்களின் மேற்பார்வையாளராக வேலை செய்தார். அம்மாளிகையின் நூலகத்தில் பிளேட்டோ, ஜொனாதன் சுவிஃப்ட் ஆகியோரின் நூல்களை வெல்ஸ் படித்தார். பின்னர் சவுத்சீ நகரில் துணிக்கடை ஒன்றில் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். அவ்வேலையை வெறுத்து, 1883 இல் அதனை விட்டு விலகினார்.

கல்வி

மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியராக இருந்த வெல்சுக்கு 1884 இல் இலண்டன் தெற்குக் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அங்கு டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கையை ஆதரித்து வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். மனிதனும் விலங்கே என்பதையும், இயற்கையில் அறநெறி இல்லை, அதனை மனிதரே உருவாக்கிக் காக்க வேண்டும் என்ற ஹக்ஸ்லியின் கருத்தையும் வெல்சின் கதைகளில் காணலாம். 1887 இல் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறிய இவர், 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக விலங்கியலில் பட்டம் பெற்றார். 1893 இல் உயிரியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் நுரையீரலில் ஏற்பட்ட இரத்தக்கசிவு காரணமாகக் கற்பித்தலைக் கைவிட்டு முழுநேர எழுத்தாளரானார். 1895 இல் வெளிவந்த தி டைம் மெஷின் (கால இயந்திரம்) இவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

புனைகதைகளில் அறிவியலாளர்கள்

1894 இல் வெளியான தி ஸ்டோலன் பாசிலஸ் (திருடப்பட்ட கிருமி) என்ற சிறுகதையில், நுண்ணுயிரியலாளர் ஒருவர் தம்மிடம் உள்ள வாந்திபேதிக் கிருமிகளின் ஆற்றலைப் பற்றி முன்பின் அறியாத விருந்தினரிடம் பெருமை பேசுகிறார். விருந்தினரோ நகரின் குடிநீரில் கிருமியைக் கலக்க எண்ணும் அரசின்மைவாதி. அவர் குழாயைத் திருடிக்கொண்டு ஓடுகிறார். கதை நகைச்சுவையாக முடிந்தாலும், ஆபத்தான ஆய்வுப்பொருள் தவறானவர் கையில் சிக்கினால் என்னவாகும் என்ற கேள்வியை எழுப்பியது.

1896 இல் வெளிவந்த தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ (டாக்டர் மோரோவின் தீவு) இவ்வகையில் முதன்மையான புதினமாகும். தோலுரிக்கப்பட்ட நாய் ஒன்று ஆய்வுகூடத்திலிருந்து தப்பி ஓடியதால் எழுந்த கண்டனத்தை அடுத்து, மோரோ இலண்டனை விட்டு வெளியேறுகிறார். எவரும் கேள்வி கேட்க முடியாத தீவொன்றில், மயக்கமருந்து இன்றி விலங்குகளை அறுத்து மனித வடிவுக்கு மாற்றுகிறார். அவற்றைச் சில விதிகளை ஓத வைத்து அடக்குகிறார். வலி பொருட்படுத்தத் தக்கதன்று எனக் காட்டத் தம் தொடையிலேயே கத்தியைச் செருகிக் காட்டுகிறார். இறுதியில் அவர் அறுத்த பூமா ஒன்றே அவரைக் கொல்கிறது. எஞ்சிய உயிரினங்கள் மெல்ல விலங்கு நிலைக்குத் திரும்புகின்றன.

மேரி ஷெல்லியின் பிராங்கென்ஸ்டைன் (1818) புதினத்தின் நாயகன் தன் செயலுக்காக வருந்துகிறான். மோரோவுக்கோ வருத்தமே இல்லை. அறிவார்வம் ஒன்றே தம்மை நடத்துவதாகவும், ஆய்வின் அறநெறி பற்றித் தாம் கவலைப்பட்டதில்லை எனவும் அவர் கூறுகிறார். பிரித்தானியாவில் 1876 முதல் விலங்குகள் மீதான ஆய்வுக்கு உரிமம் பெறுவது சட்டமாக இருந்தது. எனினும் அது குறித்த சர்ச்சை ஓயவில்லை. அச்சூழலில் வெளிவந்த இந்நூலை விமர்சகர் பலர் கொடூரமானது எனக் கண்டித்தனர். வெல்ஸ் விலங்காய்வை எதிர்த்தவர் அல்லர். பிற்காலத்தில் அதனை ஆதரித்தே எழுதினார். எனவே நூலின் எதிர்ப்பு அறிவியல் மீதானது அன்று. கட்டுப்பாடும் நோக்கமும் அற்ற ஆய்வின் மீதானது எனலாம்.

தி இன்விசிபிள் மேன் (புலப்படாத மனிதன், 1897) புதினத்தின் கிரிஃபின், தன் ஆய்வுக்காகத் தந்தையிடமிருந்து பணத்தைத் திருடுகிறான். அது பிறருடைய பணம் என்பதால் தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். எவர் கண்ணுக்கும் புலப்படாத ஆற்றலைப் பெற்றபின், அச்சுறுத்தலால் மக்களை ஆள முற்படுகிறான். தி ஃபூட் ஆஃப் த காட்ஸ் (கடவுளரின் உணவு, 1904) நூலில் வரும் இரு அறிவியலாளர்களும் தீயவர் அல்லர். ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வளர்ச்சி உணவு, கோழிப்பண்ணையில் நடந்த கவனக்குறைவால் பரவி, இராட்சதக் குளவிகளும் எலிகளும் தோன்றுகின்றன. தீய எண்ணம் இன்றியும் கேடு விளையலாம் என்பதை இந்நூல் காட்டுகிறது.

அணுகுண்டு பற்றிய முன்கணிப்பு

வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடியின் ரேடியம் பற்றிய நூலைப் படித்த வெல்ஸ், 1914 இல் தி வேர்ல்ட் செட் ஃபிரீ (விடுதலை பெற்ற உலகம்) என்ற புதினத்தை வெளியிட்டார். இதில் அணு ஆற்றலை விடுவிக்கும் வழியைக் காணும் ஹோல்ஸ்டன் என்னும் அறிவியலாளர், அதனை வெளியிடலாமா எனத் தயங்குகிறார். தாம் மறைத்தாலும் சில ஆண்டுகளில் வேறொருவர் கண்டறிவார் எனத் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். பின்னர் நடக்கும் போரில் விமானங்களிலிருந்து வீசப்படும் அணுகுண்டுகளால் நகரங்கள் அழிகின்றன.

ஹங்கேரிய இயற்பியலாளர் லியோ சிலார்ட் 1932 இல் இந்நூலைப் படித்தார். 1933 இல் இலண்டனில் இருந்தபோது அணுக்கருத் தொடர்வினை பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன் ஆபத்தை உணர்ந்த அவர், தம் காப்புரிமையை 1936 இல் பிரித்தானியக் கடற்படையிடம் ஒப்படைத்து இரகசியமாக வைக்கச் செய்தார். எனினும் ஹிட்லரின் செருமனி முந்திக்கொள்ளும் என்ற அச்சத்தால், 1939 இல் அமெரிக்கா அணு ஆய்வில் இறங்க அவரே தூண்டுகோலானார். 1945 சூலையில் யப்பான் மீது குண்டு வீசுவதை எதிர்த்து 70 அறிவியலாளர்களின் கையொப்பத்துடன் மனு ஒன்றை அனுப்பினார், அது பயனளிக்கவில்லை. ஆகஸ்ட் 6, 1945 அன்று இரோசிமா மீது குண்டு வீசப்பட்டபோது வெல்ஸ் உயிருடன் இருந்தார்.

விமர்சனங்கள்

வெல்சின் சொந்தக் கருத்துகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆன்டிசிபேஷன்ஸ் (எதிர்பார்ப்புகள், 1901) என்ற நூலில் இனமேம்பாட்டியலை ஆதரித்து, தகுதியற்றவர் எனத் தாம் கருதிய மக்கள் மறைய வேண்டும் என்ற பொருள்பட எழுதினார். மோரோவைப் படைத்தவரே மனிதரை ஆய்வுப்பொருளாக நோக்கினார் என்பது இவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு ஆகும். பிற்காலத்தில் இக்கருத்திலிருந்து அவர் விலகினார். 1940 இல் இவர் பெரும்பங்காற்றி உருவாக்கிய சாங்கி சாற்றுரை என்ற மனித உரிமை ஆவணம், ஒருவரின் மனமுவந்த ஒப்புதல் இன்றி அவரது உடலைச் சிதைப்பதையும் கருத்தடை செய்வதையும் தடுக்க வேண்டும் என்றது. இச்சாற்றுரை 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் சாற்றுரைக்கு முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இறுதிக் காலம்

நீரிழிவு நோயாளியான வெல்ஸ் 1934 இல் நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றை இணைந்து நிறுவினார். ஆகஸ்ட் 13, 1946 அன்று இலண்டனில் தம் இல்லத்தில் காலமானார். நாட்சி மருத்துவர்கள் சிறைக்கைதிகள் மீது நடத்திய கொடிய சோதனைகள் குறித்த விசாரணை அதே ஆண்டு டிசம்பரில் நூரம்பெர்க் நகரில் தொடங்கியது. 1947 இல் அளிக்கப்பட்ட தீர்ப்பில் இடம்பெற்ற நூரம்பெர்க் நெறிமுறை, சோதனைக்கு உட்படுபவரின் மனமுவந்த ஒப்புதலை முதல் விதியாகக் கொண்டுள்ளது.