மேஜர் ஜான் பானர்மன்

வீரபாண்டிய கட்டபொம்ம நாயக்கரின் கதையைக் கேளாத தமிழ் மக்கள் இலர். கதைப்பாடல் பாடுவோரும், கூத்து நிகழ்த்துவோரும், 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைக் கண்டோரும் கயத்தாற்றுப் புளியமரத்தடியிலே கண்ணீரோடு நின்றுவிடுகின்றனர். அம்மரத்தில் அவரைத் தூக்கிலிடப் பணித்த அதிகாரி அங்கிருந்து எங்குச் சென்றார், என்ன ஊதியம் பெற்றார், எவ்வாறு இறந்தார் என வினவுவார் அரியர். அதுவும் நாம் அறியத்தக்க வரலாறே ஆகலின் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தேன்.

ஜான் அலெக்சாந்தர் பானர்மன் 1759-ஆம் ஆண்டில் பிறந்த ஸ்காத்லாந்தியர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்து, படிப்படியாய் மேஜர் பதவியை எய்தினார். 1798-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் நாயக்கருக்கும் நேர்ந்த கலகத்தையும், அதில் கிளார்க் என்னும் வெள்ளை அதிகாரி மாண்டதையும் யாவரும் அறிவர். கும்பினி ஆட்சியார் அக்கலகத்தை விசாரித்து ஜாக்சனையே பதவியினின்று நீக்கினர். ஆயினும் அவருக்குப்பின் வந்த லஷிங்டன் காலத்திலும் கிஸ்திப் பிணக்குத் தீரவில்லை. மறு ஆண்டில், பாளையக்காரரை அடக்கும் முழு அதிகாரத்தோடு பானர்மன் அனுப்பப்பட்டார்.

1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். மண்ணாற் கட்டிய கோட்டைதானே என எளிதாய் எண்ணினர் போலும்! தாக்கிய படை பலரைப் பலிகொடுத்துப் பின்வாங்கிற்று. அன்று வீழ்ந்த வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகள் அவ்வூர்ப் பக்கத்தில் உள்ளன. புதுப்படையும் பெரும் பீரங்கிகளும் வருவதை உணர்ந்த நாயக்கர் இரவோடிரவாகக் கோட்டையை விட்டு நீங்கினார். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியிற் கழுவில் நாட்டப்பட்டது. நாயக்கரோ புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்டுக் கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டார்.

அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் பாளையக்காரர் அனைவரையும் கூட்டுவித்து, பானர்மன் விசாரணை நடத்தினார். அதனை விசாரணை என்பதற்கு என் நா கூசுகின்றது. கோட்டை மதிலடியில் தம் தோழரை இழந்து நின்ற படைத்தலைவரே குற்றஞ்சாட்டுபவரும் நடுவருமாய் அமர்ந்தார். கூட்டப்பட்ட பாளையக்காரரோ தீர்ப்பளிக்க அழைக்கப்பட்டாரல்லர். கண்டு அஞ்சுதற்கே அழைக்கப்பட்டனர். கிஸ்தி செலுத்தாமை, கலெக்டர் அழைப்புக்கு வாராமை, கும்பினிப் படையைச் சுட்டமை என்பன குற்றங்கள். தீர்ப்பு அன்றே கூறப்பட்டது.

அடுத்த நாள் பானர்மன் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை விடுத்தார். அவ்வறிக்கை இல்லையாயின் நாயக்கரின் இறுதி நேரத்தைப் பற்றி நாம் உறுதியாய் அறிவது மிகச் சிறிதே. விசாரணைக் காலம் முழுதும் அவர் அஞ்சாது நிமிர்ந்து நின்றார் என்றும், தம்மைக் காட்டிக்கொடுக்க முயன்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சி தோன்ற நோக்கினார் என்றும், தூக்குமரத்துக்குச் செல்லுகையில் வாய் பேசாத தம் தம்பியைக் குறித்து மட்டுமே கவலை தெரிவித்தார் என்றும், கோட்டையை விடாது அங்கேயே போரிட்டு மாண்டிருக்கலாம் என வருந்தினார் என்றும் அதில் எழுதியுள்ளார். புலவர் பாடினால் மிகையென்பர். உறவினர் உரைத்தால் அன்பின் மயக்கமென்பர். கொலைத் தண்டனை விதித்தவரே எழுதியதை யார் மறுப்பர்? நாயக்கரின் புகழுக்கு முதற்சான்று அவரைக் கொன்றவர் கையெழுத்தாய் அமைந்தது வியப்பினும் வியப்பு. தாம் செய்தது இன்னதென அம்மனிதர் ஒரு கணமேனும் உணர்ந்தாரோ? அறிக்கையில் அதற்கு அறிகுறி இல்லை. பணி முடிந்தது எனத் தெரிவிக்கும் நடையிலேயே அது செல்கின்றது.

பானர்மன் விரைவில் தாயகம் திரும்பினார். 1801-ஆம் ஆண்டு ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எடுத்துக் கட்டிய காலத்தில், அம்மதிலின் முன் நின்று துன்புற்றவர் வேறு தலைவர்கள். பானர்மனோ 1807-இல் பிளெச்சிங்லி என்னும் ஊரின் சார்பாய்ப் பார்லிமெண்டில் அமர்ந்தார். அது செல்வர் கைப்பிடியில் அடங்கிய சிற்றூர். 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அதன் உரிமையையே பறித்துவிட்டது. 1808-இல் கும்பினியின் இருபத்துநான்கு டைரக்டர்களுள் ஒருவரானார். அப்பதவிக்குச் சம்பளம் சிறிது. ஆயினும் இந்தியாவுக்கு எழுத்தரையும் படைமாணவரையும் நியமிக்கும் உரிமை டைரக்டர்களுக்கு இருந்தமையால், அதன் மதிப்புச் சம்பளத்தினும் பன்மடங்கு பெரிதாயிற்று. அவரோடு பணிபுரிந்த லஷிங்டனும் 1827-இல் சென்னைக்குக் கவர்னராகவே வந்து சேர்ந்தார்.

இவ்விடத்தில் செர்மனியின் யோகான் ரைகார்ட் நினைவுக்கு வருகின்றான். பவேரியாவின் கொலைத்தொழிலாளியான அவன் 1924-இல் அப்பணி ஏற்றபோது தலை ஒன்றுக்கு 150 மார்க்கு கூலி பெற்றான். இட்லர் ஆட்சியில் ஆண்டுச் சம்பளம் பெற்று, மொத்தம் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றான்; 1943-இல் சோபி சோல் என்னும் கல்லூரி மாணவியைக் கொன்றவனும் அவனே. போருக்குப்பின் அவன் சிறைப்பட்டான். சொத்திற் பாதியை இழந்தான். அவன் மகன் தற்கொலை செய்துகொண்டான். அயலார் வெறுக்க வாழ்ந்து 1972-இல் இறந்தான். அம்மாணவிக்கு மரணம் விதித்த மக்கள் நீதிமன்றத்தின் நடுவருள் ஒருவரேனும் மேற்குச் செர்மனியின் நீதிமன்றங்களில் நிலைத்த தண்டனை அடைந்திலர். கயிற்றைப் பிடித்த கைக்கு ஒரு நீதி, கையொப்பமிட்ட கைக்கு ஒரு நீதி! கயத்தாற்றில் கயிற்றை இழுத்தவர் பெயரை எவரும் சொல்லக் கேட்டிலேன். எங்கள் காங்கேயப் பக்கத்துத் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் 1805-இல் தூக்கிலிட்ட கைகளும் அவ்வாறே மறைந்தன.

1817-இல் பானர்மன் பினாங்குத் தீவின் கவர்னராய்ப் பொறுப்பேற்றார். அத்தீவுக்கும் நம் நாட்டுக்கும் அதற்கு முன்னரே ஒரு துயரத் தொடர்பு உண்டு. 1801-ஆம் ஆண்டுப் போரில் பிடிபட்டவருள் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802-இல் தூத்துக்குடியினின்று கப்பலேற்றப்பட்டு அங்கேதான் நாடு கடத்தப்பட்டனர். சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அப்போது அவர் சிறுவர். பாளையக்காரரை அடக்கத் தொடங்கியவரே பதினைந்தாண்டுக்குப்பின் அவ்வகதிகள் வாழ்ந்த தீவுக்குத் தலைவராய் வந்திறங்கினார். 1818-இல் வெல்ஷ் என்னும் படை அதிகாரி நோய் தீரக் காற்று மாற்றத்துக்காகப் பினாங்குக்குச் சென்றார். இவர் முன்னொரு காலத்தில் சின்ன மருதுவினிடம் ஈட்டி எறியக் கற்றவர். பின்பு அவரையே எதிர்த்துப் போர் செய்தவர். அங்கே துரைசாமி இளமையிலேயே முதுமை எய்தினாற்போல் உருக்குலைந்து வந்து நிற்க, இன்னாரெனத் தெரிந்து மனம் நொந்ததைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். கவர்னர் மாளிகைக்கும் துரைசாமிக்கும் இடையே ஏதேனும் பேச்சு நிகழ்ந்ததாக அவர் எழுதிற்றிலர்.

பானர்மனின் இறுதி ஆண்டு பிணக்கிலே கழிந்தது. 1819 பிப்ரவரியில் ராபில்ஸ் சிங்கப்பூரில் கொடி நாட்டியபோது, அதனால் பினாங்கு தாழுமென்றும் டச்சுக்காரரோடு போர் மூளுமென்றும் அஞ்சி, அங்கிருந்த பார்க்குவார் வேண்டிய துணைப்படையை அனுப்ப மறுத்தார். ஊரை விட்டு மீளுமாறும் அறிவுறுத்தினார். கல்கத்தாவினின்று கடிந்துரை வந்த பின்னரே படை அனுப்பினார். பாஞ்சாலங்குறிச்சி மதிலை எண்ணாது பாய்ந்தவர் முதுமையில் இத்துணை எச்சரிக்கை உடையவரானது விந்தையே.

அவ்வாண்டு தீவில் வாந்திபேதி பரவிற்று. ஆகஸ்டு 8-ஆம் நாள் அந்நோயால் அவர் தமது அறுபதாம் வயதில் இறந்தார். அவருடைய மருமகன் பிலிப்ஸ் அவர் பதவியை ஏற்றார். ஜார்ஜ் டவுன் நகரத்துப் பழைய புராட்டஸ்டண்டுக் கல்லறைத் தோட்டத்தில், பினாங்கைக் கும்பினிக்குப் பெற்றுத்தந்த பிரான்சிஸ் லைட்டின் சமாதி உள்ள அதே நிலத்தில், அவரை அடக்கம் செய்தனர்.